50 கெல்வின் அருகே ஒரு மேடு: ருபிடியம் ஃபுல்லரைடு மாதிரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வின் எல்லை

கார்பன் அணுக்களாலான கூண்டு மூலக்கூறுகளே ஃபுல்லரீன்கள். அவை மின்னூட்டம் பெற்று உருவாகும் சேர்மங்களான ஃபுல்லரைடுகளின் காந்தப் பண்புகளை அளக்கும் ஓர் ஆய்வகத்தில், ஒரே மாதிரியைப் பற்றி இரண்டு மாதங்களுக்குள் இரண்டு வேறுபட்ட முடிவுகள் எழுதப்பட்டன. முதல் முடிவு கட்டுரை வரைவு வரை சென்று பின்னர் கைவிடப்பட்டது. இரண்டாவது முடிவு முதலாவதை விடச் சுவை குறைந்தது. ஆனால் அதுவே நிலைத்தது. இதை எழுதுபவர் அந்த ஆய்வகத்தில் காந்த அளவீட்டுப் பகுதியைக் கவனித்து வந்தவர். முதல் முடிவுக்கு ஒப்புதல் அளித்தவர்களுள் ஒருவர். மாதிரியைத் தயாரித்த ஆய்வு மாணவி, ஆய்வு வழிகாட்டி, கரைசல் வேதியியல் குழுவைச் சேர்ந்த சக ஆய்வாளர் ஆகிய மூவரும் இங்கே பெயரின்றியே குறிப்பிடப்படுகின்றனர்.

சேர்மத்தின் பின்னணி

அறுபது கார்பன் அணுக்கள் பந்து வடிவக் கூண்டாக இணைந்த சி60 மூலக்கூறின் நிரம்பிய உச்ச ஆர்பிட்டாலுக்கு மேலே, ஒரே ஆற்றலுடைய மூன்று காலி ஆர்பிட்டால்கள் அமைந்துள்ளன. ஆகவே ஒரு கூண்டு ஆறு எலக்ட்ரான்கள் வரை ஏற்றுக்கொள்ள இயலும். பொட்டாசியம், ருபிடியம், சீசியம் போன்ற கார உலோகங்களின் ஆவியை சி60 படிகத்துக்குள் செலுத்தினால், உலோக அணு தன் வெளி எலக்ட்ரானைக் கூண்டுக்குக் கொடுத்துவிட்டு இடைவெளிகளில் நேர் அயனியாக அமர்ந்துவிடும். ஒரு கூண்டுக்கு எத்தனை உலோக அணுக்கள் என்பதைப் பொறுத்துச் சேர்மத்தின் குணமே மாறிவிடுகிறது. மூன்று அணுக்கள் சேரும்போது அந்த ஆற்றல் பட்டை பாதி நிரம்பி உலோகத்தன்மை தோன்றுகிறது; ஆறு சேரும்போது பட்டை முழுதும் நிரம்பிக் காப்புப் பொருள் கிடைக்கிறது. நான்கு சேரும்போது எளிய பட்டைக் கணக்குப்படி உலோகம் கிடைக்க வேண்டும். நடைமுறையில் கிடைப்பதோ காந்தமற்ற காப்புப் பொருள். கூண்டு தன் வடிவத்தைச் சற்றே சிதைத்துக்கொண்டு ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் யான்–டெல்லர் விளைவும், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையும் சேர்ந்து அதை அவ்வாறு ஆக்குகின்றன.

இக்கட்டுரையில் ஒரு கூண்டுக்கு மூன்று ருபிடியம் உடைய சேர்மம் ருபிடியம்-3 என்றும், ஒன்று உடையது ருபிடியம்-1 என்றும், ஆறு உடையது ருபிடியம்-6 என்றும் குறிக்கப்படும். பொட்டாசியம்-3 சேர்மத்தின் மீக்கடத்துத்திறன் (தடையே இன்றி மின்சாரம் கடத்தும் பண்பு) 1991-இல் 18 கெல்வினில் கண்டறியப்பட்டது. ருபிடியம்-3 அதே ஆண்டில் 30 கெல்வினை நெருங்கியது. கூண்டுகளுக்கு இடையிலான தொலைவு கூடினால் பட்டை ஒடுங்கி, ஃபெர்மி மட்டத்தில் (எலக்ட்ரான்கள் நிரம்பியுள்ள உச்ச ஆற்றலில்) நிலைகளின் அடர்த்தி கூடும்; அதனால் மீக்கடத்து வெப்பநிலையும் உயரும். ருபிடியம் அயனி பொட்டாசியம் அயனியைவிடப் பெரியது என்பதால் அந்த உயர்வு எதிர்பார்த்ததே.

ருபிடியம்-1 முற்றிலும் வேறு வகையான பொருள். சுமார் 400 கெல்வினுக்கு மேல் அது மற்றவற்றைப் போலக் கனசதுரப் படிகமாக இருக்கும். மெதுவாகக் குளிர்விக்கும்போது அடுத்தடுத்த கூண்டுகள் சகப்பிணைப்பால் கோத்துக்கொண்டு நெடுஞ்சங்கிலிகளாகிவிடும். சங்கிலியின் வழியே கூண்டு மையங்களுக்கு இடையிலான தொலைவு 9.1 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குச் சுருங்குகிறது. தூய சி60 படிகத்தில் அது சுமார் 10 ஆங்ஸ்ட்ராம். இந்தப் பாலிமர் அறை வெப்பநிலையில் உலோகமாக இருந்து, ஏறத்தாழ 50 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்குடைய காப்பு நிலைக்கு மாறுகிறது. அப்போது எலக்ட்ரான் தற்சுழற்சிகளால் வரும் ஏற்புத்திறன், அதாவது புறக் காந்தப் புலத்தில் பொருள் காந்தமாகும் அளவு, சரிகிறது. இந்த 50 கெல்வின் என்ற எண்ணே எங்களை வழிமாற்றியது.

மாதிரி உருவான விதம்

மாணவி தேர்ந்தெடுத்தது நேரடி முறையன்று. ருபிடியம் உலோகத்தை நேராக மூன்று மடங்கு எடையிட்டுச் சேர்ப்பது கடினம். மில்லிகிராம் அளவில் எடை சிறிது பிசகினாலும் விகிதம் கெடும். எனவே முதலில் உலோகத்தை மிகுதியாக வைத்து முழுதும் நிரம்பிய ருபிடியம்-6 சேர்மத்தைச் செய்துகொண்டு, எஞ்சிய உலோகத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி அகற்றி, பின்னர் அதனுடன் சம மோல் தூய சி60-ஐக் கலந்து சூடேற்றினார். ஒரு பங்கு சி60-க்கு எடையில் 1.71 பங்கு ருபிடியம்-6 வேண்டும். ருபிடியம்-6 காற்றில் நிலையான தூள் அல்ல என்பதால் அனைத்தும் ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் நடந்தன. கலவை ஒரு கண்ணாடிக் குழாயில் வெற்றிடத்தில் அடைக்கப்பட்டு, 350 செல்சியஸ் அளவில் பல நாட்கள் உலையில் இருந்தது.

வெளியே எடுத்தபோது தூளின் ஒரு பகுதி குழாயின் சுவரில் கரும்பூச்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. மாணவி அதை ஓர் எஃகுக் கரண்டியால் சுரண்டி எடுத்தார். அக்குறிப்பு ஆய்வகக் குறிப்பேட்டில் அரை வரியாக இருக்கிறது: “சுவரில் ஒட்டியது சுரண்டிச் சேர்க்கப்பட்டது.” அந்த அரை வரியை நாங்கள் மீண்டும் படிப்பதற்கு ஆறு வாரங்கள் ஆயின.

காந்த அளவீட்டுக்காக 20 மில்லிகிராம் தூள் மெல்லிய குவார்ட்ஸ் குழாயில் இடப்பட்டு, வெப்பம் கடத்துவதற்காகச் சிறிதளவு ஹீலியத்துடன் தீயால் உருக்கி மூடப்பட்டது. எக்ஸ் கதிர், ராமன் அளவீடுகளுக்கென இதே தொகுதியிலிருந்து தனித்தனிக் குழாய்கள் அடைக்கப்பட்டன.

முதல் அளவீடு

மிக நுண்ணிய காந்தச் சமிக்ஞைகளையும் அளக்கும் ஸ்குவிட் காந்தமானியில் குவார்ட்ஸ் குழாய் ஒரு நெகிழி உறிஞ்சுகுழலுக்குள் பொருத்தப்பட்டு இறக்கப்பட்டது. முதலில் புலமின்றி 5 கெல்வினுக்குக் குளிர்வித்து, 10 ஒயர்ஸ்டெட் (0.001 டெஸ்லா) புலத்தில் சூடேற்றியபோது 28 கெல்வினை ஒட்டி மீக்கடத்து நிலை முடிவுற்றது. சேர்மம் உருவாகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மீக்கடத்திகளுக்கே உரிய, காந்தப் புலத்தை விலக்கும் திறன், அந்த எடைக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிடக் குறைவாகவே இருந்தது. தூளில் துகள்கள் சிறியவை; காந்தப் புலம் இச்சேர்மங்களுக்குள் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஆழம் ஊடுருவும்; ஆகவே மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களில் இக்குறை இயல்பு என்று கருதி அதைக் கடந்தோம். அந்த விளக்கம் தவறன்று. அது முழுமையானதும் அன்று.

அடுத்து, சாதாரண நிலையின் ஏற்புத்திறனை அறிய 1 டெஸ்லா புலத்தில் 35 கெல்வினிலிருந்து 300 கெல்வின் வரை மாணவி சூடேற்றி அளந்தார். வளைகோட்டில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, அறை வெப்பநிலை மதிப்பு எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகக் கூடுதல். மற்றொன்று, 43 கெல்வினுக்கும் 55 கெல்வினுக்கும் இடையே ஒரு மேடு. அதன் இடப்பக்கச் சரிவு செங்குத்தாகவும் வலப்பக்கச் சரிவு மெதுவாகவும் இருந்தது. மேட்டின் உயரம் மொத்தச் சமிக்ஞையில் பத்தில் ஒரு பங்கு.

முதல் விளக்கம்

ருபிடியம் குறைவாக உள்ள ருபிடியம்-3 மாதிரியில், குறைபாடு படிகம் முழுவதும் பரவலாக அமையாது. ருபிடியம்-3, ருபிடியம்-1 என இரு படிகக் கட்டங்களாகப் பிரிந்துவிடும். இது இச்சேர்மங்களில் நன்கு அறியப்பட்டது. எனவே எடையிடுவதில் சிறு குறை ஏற்பட்டு, மாதிரியில் ஒரு பகுதி ருபிடியம்-1 பாலிமராக இருக்கிறது என்றும், அதன் 50 கெல்வின் மாற்றமே இந்த மேடு என்றும் மாணவி எழுதினார். மீக்கடத்துப் பங்கு குறைந்ததற்கும் அதுவே காரணமாகப் பொருந்தியது. கூடுதல் ஏற்புத்திறனுக்கு ஃபெர்மி மட்டத்தில் நிலைகளின் அடர்த்தி கூடியிருக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. அந்த வரியை நான் அடித்திருக்க வேண்டும்; அடிக்கவில்லை.

அந்த வெப்பநிலைப் பகுதி ஃபுல்லரைடு ஆய்வாளர்களுக்கு மிகவும் பழக்கமானது என்பதும் எங்கள் கண்ணை மறைத்தது. ருபிடியம்-1 ஒருபுறம்; மறுபுறம், உடல்மையக் கனசதுர அடுக்கில் அமையும் சீசியம்-3 சேர்மம் சாதாரண அழுத்தத்தில் 46 கெல்வினில் எதிர்ஃபெர்ரோ காந்தமாகி (அடுத்தடுத்த தற்சுழற்சிகள் எதிரெதிராக ஒழுங்குபட்டு), அழுத்தம் கொடுத்தால் 38 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. 50 கெல்வின் அருகில் ஏதேனும் தெரிந்தால் கை தானாகவே இந்தப் பெயர்களை எழுதப் போகிறது.

ஆயினும் ஒரே அளவீட்டை நம்பி எழுதக்கூடாது என்று வழிகாட்டி, லேசர் ஒளிச் சிதறல் வழியே மூலக்கூறின் அதிர்வுகளைக் காட்டும் ராமன் நிறமாலையைக் கேட்டார். சி60-இன் ஐங்கோணங்கள் ஒருசேரச் சுருங்கி விரியும் அதிர்வு தூய பொருளில் 1469 செ.மீ⁻¹ இடத்தில் தோன்றும். கூண்டு ஏற்கும் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் அது சுமார் 6 செ.மீ⁻¹ இறங்கும். அதாவது அந்தச் சிகரத்தின் இடம், கூண்டின் மின்னூட்டத்தை எண்ணிச் சொல்லும் ஒரு கணக்குப்பிள்ளை. பச்சை லேசரால் எடுத்த நிறமாலையில் ருபிடியம்-3-க்குரிய அகன்ற சிகரம் 1447 அருகே இருந்தது. அதன் தோளில் 1460 அருகே இன்னொரு சிறு சிகரமும் இருந்தது. ருபிடியம்-1-இல் காண வேண்டிய இடம் அதுதான். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு முறைகள் ஒரே கட்டத்தைச் சுட்டியதால் வழிகாட்டி நிறைவடைந்தார்; நானும் நிறைவடைந்தேன். வரைவு எழுதத் தொடங்கியாயிற்று.

ஐயம் எழுந்த இடம்

வரைவைப் படித்த கரைசல் குழு ஆய்வாளர் கேட்டது ஒரே கேள்வி: “சூடேற்றும்போது எடுத்தது சரி, குளிர்விக்கும்போது எடுத்த வளைகோடு எங்கே?”

அது எங்களிடம் இல்லை. காந்தமானியில் கிடைத்த நேரம் குறைவு என்பதால் சூடேற்றும் அளவீடு மட்டுமே செய்யப்பட்டிருந்தது. அடுத்த வாய்ப்பில் அதே குவார்ட்ஸ் குழாயை இறக்கி இரு திசைகளிலும் அளந்தோம். குளிர்விக்கும்போது மேடு சில கெல்வின் கீழே நகர்ந்தது, வடிவமும் மாறியது. அதைவிட முக்கியமாக, சூடேற்றும் வளைகோட்டிலேயே மேட்டின் உயரம் முந்தைய முறையைவிட ஏறத்தாழ பாதியாக இருந்தது.

இடம் நகர்வதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். உயரம் மாறியதற்குச் சொல்ல முடியாது. உருக்கி மூடிய குழாய்க்குள் இருக்கும் பொருளின் அளவு இரண்டு வாரங்களில் பாதியாகாது. ருபிடியம்-1 பாலிமர் பிரிவதற்கு நூறு செல்சியசுக்கு மேல் சூடேற்ற வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. மேட்டை உண்டாக்குவது எதுவாயினும் அது குழாய்க்குள் இல்லை என்ற எண்ணம் முதன்முதலில் அன்று தோன்றியது.

இந்தக் கட்டத்தில் இரண்டு சோதனைகள் மேசையில் இருந்தன. முதலாவது, மாதிரியைக் கனசதுரக் கட்டம் வரை சூடேற்றித் திரவ நைட்ரஜனில் சட்டெனக் குளிர்விப்பது. அப்படிச் செய்தால் சங்கிலி உருவாகாது. மேடு ருபிடியம்-1-ஆல் வந்ததென்றால் மறைய வேண்டும். இரண்டாவது, எதையும் தொடாமல் அளவிடும் அறையை 120 கெல்வினுக்குச் சூடேற்றி, உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றி, மீண்டும் ஹீலியம் நிரப்பி அளப்பது. முதல் சோதனை வேதியியலாளருக்கு நிறைவளிப்பது. குழாய் வெடித்தால் மாதிரி போய்விடும். இரண்டாவது ஒரு மணி நேர வேலை. மாதிரியைப் பணயம் வைக்காத சோதனையை முதலில் செய்வதென முடிவாயிற்று.

மேடு முழுவதும் மறைந்தது.

ஆக்சிஜன்

திண்ம ஆக்சிஜன் 54.4 கெல்வினுக்குக் கீழே உறைகிறது, 43.8 கெல்வினில் ஒரு படிக மாற்றமும், 23.9 கெல்வினில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு தோன்றும் இன்னொரு மாற்றமும் அதற்கு உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு இணையற்ற எலக்ட்ரான்கள் இருப்பதால் அது வலுவான பாரா காந்தம். உறைந்தவுடன் ஒரு மோலுக்கு சுமார் 0.01 இ.எம்.யூ. (காந்த அளவீட்டு அலகு) என்ற அளவில் இருக்கும் அதன் ஏற்புத்திறன், 43.8 கெல்வினுக்குக் கீழே சட்டெனச் சரிகிறது. எங்கள் மேட்டின் செங்குத்தான இடப்பக்கச் சரிவு அதுவே.

எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று கணக்கிட்டபோதுதான் நிலைமை முழுதாகப் புரிந்தது. 20 மில்லிகிராம் ருபிடியம்-3 என்பது ஏறத்தாழ 2×10⁻⁵ மோல். கூண்டின் டயா காந்தப் பங்கைக் கழித்த பின் எஞ்சும் ஏற்புத்திறன் ஒரு மோலுக்கு 7×10⁻⁴ இ.எம்.யூ. என்று கொண்டால், 1 டெஸ்லாவில் முழு மாதிரியும் தரும் சமிக்ஞை 1.4×10⁻⁴ இ.எம்.யூ. அதில் பத்தில் ஒரு பங்கு மேட்டைத் தருவதற்கு 1.4×10⁻⁷ மோல் ஆக்சிஜன் போதும். காற்றாகச் சொன்னால் 15 மைக்ரோலிட்டர். ஒரு துளி நீரின் கனஅளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தக் காற்று வந்த வழியும் பின்னர் தெரிந்தது. குவார்ட்ஸ் குழாய் நகராமல் இருக்க உறிஞ்சுகுழலின் இரு முனைகளும் ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்தன. நாடாவில் ஊசியால் துளையிடுவது வழக்கம், அன்று துளையிடப்படவில்லை. அடைப்பறையை எத்தனை முறை வெற்றிடமாக்கி ஹீலியம் நிரப்பினாலும், குழலுக்கும் குழாய்க்கும் இடையே சிக்கிய காற்று முழுதாக வெளியேறவில்லை. இரண்டாம் முறை நாடா சற்றே தளர்ந்திருந்ததால் பாதிக் காற்று வெளியேறியிருக்கிறது.

ஆக்சிஜன் என்ற எண்ணம் எங்களுக்கு முதலிலேயே தோன்றாமல் இல்லை. முதல் வளைகோட்டைப் பார்த்த அன்றே வழிகாட்டி கேட்டார். மாணவி சொன்ன பதில் அப்போது அனைவருக்கும் சரியாகப் பட்டது: இச்சேர்மம் காற்றுப் பட்டால் சிதைந்துவிடும், மாதிரியை ஆக்சிஜன் தொட்டிருந்தால் 28 கெல்வின் மாற்றமே இருந்திருக்காது, மாற்றம் தெளிவாக இருக்கிறது, ஆகவே ஆக்சிஜன் இல்லை. தர்க்கத்தின் ஒவ்வொரு படியும் சரி. அது நிறுவியது குழாய்க்கு உள்ளே ஆக்சிஜன் இல்லை என்பதை மட்டும். காந்தமானியின் சுருளுக்கோ குவார்ட்ஸ் சுவரின் உட்புறம், வெளிப்புறம் என்ற வேறுபாடு கிடையாது.

இரும்பு

மேடு போன பிறகும் அறை வெப்பநிலை மதிப்பு கூடுதலாகவே நின்றது. இம்முறை 1 டெஸ்லாவோடு நிறுத்தாமல் 5 டெஸ்லா வரை பல புலங்களில் அளந்தோம். புலம் கூடக் கூடக் கணக்கிட்ட ஏற்புத்திறன் குறைந்து வந்தது. உலோகத்தின் கடத்து எலக்ட்ரான்களால் வரும் பௌலி பாரா காந்தம் புலத்தைப் பொறுத்து இப்படி மாறாது; விரைவில் நிறைவுறும் ஒரு ஃபெர்ரோ காந்தப் பங்கு கலந்திருந்தால் மட்டுமே மாறும். 300 கெல்வினில் எடுத்த காந்தத் தயக்கக் கண்ணி (புலத்தைக் கூட்டிக் குறைக்கும்போது காந்தமாக்கம் வரையும் வளையம்), ஒல்லியாக இருந்தாலும், திறந்தே இருந்தது.

இங்கும் கணக்கு அச்சமூட்டியது. நிறைவுற்ற இரும்பு கிராமுக்கு ஏறத்தாழ 220 இ.எம்.யூ. தரும். மேலே சொன்ன 1.4×10⁻⁴ இ.எம்.யூ. என்னும் முழு மாதிரியின் சமிக்ஞைக்கு ஈடாக 0.65 மைக்ரோகிராம் இரும்பு போதும். அதை ஒரு கனசதுரமாகக் கற்பனை செய்தால் பக்கம் 44 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனை எட்டாது. எங்கள் மாதிரியில் அதில் பாதி அளவு இருந்திருக்க வேண்டும். நிலைகளின் அடர்த்தி கூடியது என்று நாங்கள் எழுதிய வரி, கரும்தூளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் எஃகுத் துணுக்கின் எடை.

துணுக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிய, வினைக்கு முன் எடுத்து வைத்திருந்த தூய சி60-ஐ அதே வகைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து அளந்தோம். ஒரு மோலுக்கு −2.6×10⁻⁴ இ.எம்.யூ. என்ற அறியப்பட்ட டயா காந்த மதிப்பு, புலத்தைச் சாராமல், சுத்தமாகக் கிடைத்தது. எனவே மூலப்பொருளில் இரும்பு இல்லை. பிறகுதான் ஆய்வகக் குறிப்பேட்டின் அந்த அரை வரி கண்ணில் பட்டது. சூளைக்குப் போன கண்ணாடியில் எஃகால் சுரண்டினால் எஃகும் சிறிது தேயும்.

கார்பன் காந்தங்களின் வரலாற்றில் இது புதிய கதை அன்று. அழுத்தத்தில் பாலிமராக்கிய சி60 அறை வெப்பநிலைக்கு வெகு மேலே, சுமார் 500 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தமாக இருக்கிறது என்று 2001-இல் நேச்சர் இதழில் வந்த அறிக்கை, மாதிரிகளில் இரும்பு மாசு இருந்தது தெரிந்தபின் 2006-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த வெப்பநிலை இரும்புக் கார்பைடின் கியூரி வெப்பநிலைக்கு (ஃபெர்ரோ காந்தத்தன்மை மறையும் வெப்பநிலைக்கு) அருகிலேயே இருந்தது. இந்த வரலாற்றை எங்கள் குழுவில் அனைவரும் அறிவோம். கருத்தரங்குகளில் எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். இதற்கு மாறாக, உலோகமே இல்லாத ஃபுல்லரைடு ஃபெர்ரோ காந்தம் உண்மையிலேயே உண்டு: 1991-இல் அறிவிக்கப்பட்ட, ஒரு கரிம அமீனோடு சேர்ந்த சி60 உப்பு 16 கெல்வினில் அவ்வாறு ஆகிறது. அறை வெப்பநிலையில் கண்ணி திறந்திருந்தால் மட்டும் முதலில் கரண்டியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ராமன் சிகரத்தின் மறுபக்கம்

மேடு ஆக்சிஜனாலும் உயர்வு இரும்பாலும் வந்தன என்றான பின், 1460-இல் இருந்த ராமன் சிகரம் தனியாக நின்றது. ருபிடியம்-1 இன்னும் சிறிதளவு இருக்கக்கூடும் அல்லவா? மாணவி இதை விட்டுவிட மனமின்றி மறுபடி எடுத்தார்; எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

எக்ஸ் கதிர் படத்தில் சங்கிலிப் பாலிமருக்குரிய செஞ்சாய்சதுரக் கோடுகள் எவையும் இல்லை. ஆனால் முன்பு இரைச்சல் என ஒதுக்கிய சில மெலிந்த கோடுகள், தூய சி60-இன் 14.17 ஆங்ஸ்ட்ராம் கனசதுரத்துக்கும், ருபிடியம்-6-இன் 11.5 ஆங்ஸ்ட்ராம் உடல்மையக் கனசதுரத்துக்கும் பொருந்தின. அதாவது வினை முடிவுறவே இல்லை. சம மோல் கலந்த இரண்டு தூள்களில் ஒன்று மிச்சமிருந்தால் மற்றொன்றும் மிச்சமிருந்தே தீரும்; இருபக்கக் கணக்கு சரியாயிற்று. ருபிடியம் குறைந்திருந்தால் ருபிடியம்-6 எஞ்சியிருக்காது. எடையில் பிழை இல்லை, கலப்பதிலும் சூடேற்றுவதிலும்தான் குறை.

அப்படியானால் 1460 எங்கிருந்து வந்தது? எஞ்சிய சி60 துகள்களிலிருந்து. ஆனால் சி60-இன் சிகரம் 1469 அல்லவா? அறை வெப்பநிலையில் வலுவான லேசர் ஒளி பட்டால் அடுத்தடுத்த சி60 கூண்டுகள் ஒளியாலேயே இணைந்து பாலிமராகும். அப்போது அச்சிகரம் 1460-ஐ ஒட்டி இறங்கிவிடும். எலக்ட்ரான் ஏதும் சேராமலே, ஒரு எலக்ட்ரான் சேர்ந்த தோற்றம். ஆக்சிஜன் படிகத்துக்குள் இருந்தால் இந்த ஒளிவினையைத் தடுக்கும். நாங்கள் காற்றே இல்லாமல் குழாயை அடைத்திருந்ததால் தடையும் இல்லாமற் போயிற்று. லேசரின் திறனை மிகவும் குறைத்து, இதுவரை ஒளிபடாத புள்ளியில் எடுத்தபோது சிகரம் 1469-இல் இருந்தது. 1432-இல் ருபிடியம்-6-இன் மெல்லிய தோளும் தெரிந்தது. அதே புள்ளியில் திறனைக் கூட்டி அடுத்தடுத்து எடுத்த நிறமாலைகளில் 1469 தேய்ந்து 1460 வளர்வதைத் திரையிலேயே பார்த்தோம்.

ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு சான்றுகள் என்று நாங்கள் மகிழ்ந்தவை உண்மையில் தொடர்பற்றவைதாம்: ஒன்று குழாய்க்கு வெளியே இருந்த ஆக்சிஜனால் வந்தது, மற்றொன்று குழாய்க்கு உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் வந்தது.

விளைவு

தூள் கையுறைப் பெட்டியில் அகேட் உரலில் மீண்டும் அரைக்கப்பட்டு, மறுபடி அடைக்கப்பட்டு, 400 செல்சியசில் நெடுநேரம் வைக்கப்பட்டது. முதல் அரைப்புக்கு முன் வலுவான நிலைகாந்தம் ஒன்றைக் குழாயின் வெளிப்புறமாக நகர்த்தித் துணுக்கை ஒதுக்க முயன்றதில் ஓரளவே வெற்றி கிடைத்தது. எனவே எஃகு தொடாத புதிய தொகுதி ஒன்றும் தொடக்கத்திலிருந்து செய்யப்பட்டது. இரண்டாம் தொகுதியில் எக்ஸ் கதிர் கோடுகள் ருபிடியம்-3-க்கு மட்டும் உரியவை. புலம் விலக்கும் பங்கு ஏறத்தாழ இரு மடங்கு. ஏற்புத்திறன் புலத்தைச் சாராதது. 35 கெல்வினுக்கு மேல் வெப்பநிலையோடு மெல்ல மட்டுமே மாறுவது. பழைய தொகுதியின் எண்களையும், உயர்புல அளவுகளைப் புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து சுழியத்துக்கு நீட்டும் ஹோண்டா–ஓவன் முறையில் திருத்தியபோது, அவை புதிய தொகுதியோடு ஒத்துப்போயின.

கருத்தரங்குக்கு அனுப்பியிருந்த சுருக்கம் திரும்பப் பெறப்பட்டது. மாணவிக்கு இதில் நான்கு மாதங்கள் போயின. அவருடைய ஆய்வேட்டில் இந்த நிகழ்வு ஓர் இயலாக இடம்பெற வேண்டும் என்று வழிகாட்டி வலியுறுத்தினார்; தேர்வாளர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று மாணவி முதலில் தயங்கினார், பின்னர் எழுதினார்.

இப்போது மாற்றியுள்ளவை

ஒவ்வொரு குவார்ட்ஸ் குழாயும் காலியாக இருக்கும்போதே, குழல், நாடா சகிதம் ஒரு முறை அளக்கப்படுகிறது. அந்த வெற்று வளைகோடு மாதிரியின் கோப்பிலேயே சேமிக்கப்படுகிறது. முன்பும் வெற்றுக் குழாயை அளந்தோம், ஆனால் அறை வெப்பநிலையில் மட்டும். ஏற்புத்திறன் இனி ஒரே புலத்தில் அளக்கப்படுவதில்லை; குறைந்தது 1, 3, 5 டெஸ்லா ஆகிய மூன்று புலங்களும், சூடேற்றல், குளிர்வித்தல் ஆகிய இரு திசைகளும் கட்டாயம். இதனால் ஒரு மாதிரிக்கு ஆகும் நேரம் மூன்று மடங்காகிவிட்டது. காந்தமானி நேரம் பங்கிடுவதில் இதற்காக வாக்குவாதம் இன்றும் நடக்கிறது.

கையுறைப் பெட்டிக்குள் எஃகுக் கருவிகள் இல்லை. ராமன் நிறமாலையில் லேசர் திறனும் ஒளிபட்ட நேரமும் சிகர எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதப்படுகின்றன. அவை இல்லாத எண் அட்டவணையில் ஏறாது. கரைசல் குழுவினர் இதைக் கேட்டு வியக்கவில்லை. சி60 எதிரயனியின் எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு நிறமாலையில் அகன்ற கோட்டின் மேல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்த கூர்முனை ஒன்றைப் பலர் அயனியின் இயல்பு என்றே விளக்கி வந்ததையும், காற்றுப்பட்ட சி60-இல் உருவாகும், இரு கூண்டுகளை ஓர் ஆக்சிஜன் இணைக்கும் மாசே அதற்குக் காரணம் என்று 2002-இல் காட்டப்பட்டதையும் அவர்கள் நினைவூட்டினர்.

தீராத ஒன்று மீதமிருக்கிறது. புதிய தொகுதியிலும் 60 கெல்வினுக்குக் கீழே ஏற்புத்திறன் மிகச் சிறிதளவு மேல்நோக்கி வளைகிறது. அறைவாயுவை மூன்று முறை மாற்றியும் அது போகவில்லை. இரு திசைகளிலும் ஒன்றாகவே இருக்கிறது. புலத்தைச் சார்ந்து மாறுவதும் இல்லை. மாணவி அதற்கு இன்னும் பெயரிடவில்லை. காற்றே படாத சி60-இலிருந்து மூன்றாம் தொகுதி இப்போது உலையில் இருக்கிறது.